கார்டா, கன்வெர்ட்டரா, கேட்வேயா: டிரைவ்களை ஸ்கிரீனோடு இணைக்க மூன்று வழிகள்

"எல்லாம் ஒரே ஸ்கிரீனில் தெரிய வேண்டும்" என்று யாராவது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்பது பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் தெரியும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் எட்டு, நான்கு எனர்ஜி மீட்டர்கள், ஓர் எடைக் கருவி என்று வைத்துக்கொள்வோம். மீட்டர்களில் ஆர்.எஸ்.485 என்ற சீரியல் (பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்) லைனுக்கான டெர்மினல் ஏற்கெனவே இருக்கிறது. எடைக் கருவியில் இருப்பது பழைய ஆர்.எஸ்.232. டிரைவ்களில் கீபேடு மாட்டும் சாக்கெட் ஒன்று இருக்கிறது. உள்ளே சீரியல் கார்டு பொருத்தக் காலி இடமும் இருக்கிறது. இத்தனையையும் ஒரு கணினிக்குக் கொண்டுவர வேண்டும்.

வழிகள் மூன்று. ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் அதற்கென்று வரும் சீரியல் கார்டைப் பொருத்துவது ஒன்று. டிரைவைத் திறக்காமல் கீபேடு சாக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு கன்வெர்ட்டர் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது இரண்டாவது. சீரியல் லைனைப் பேனலோடு முடித்துக்கொண்டு, அங்கேயே ஒரு கேட்வே வைத்து ஈதர்நெட்டாக மாற்றி அனுப்புவது மூன்றாவது. பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் கேட்பது வேறு: ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கிரீனில் எண்கள் உறைந்து நின்றால் எந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும், அதற்காக எதை நிறுத்த வேண்டியிருக்கும்? இதற்கு மூன்று வழியும் மூன்று பதில் சொல்லும்.

லைனைப் பற்றி முதலில்

ஆர்.எஸ்.232 என்பது 1960-இல் வந்த தரம். சிக்னலுக்கு ஓர் ஒயர், அதற்குப் பொதுவாக ஒரு கிரவுண்டு. அனுப்புகிற பக்கம் பிளஸ் அல்லது மைனஸ் 5 முதல் 15 வோல்ட் வரை கொடுக்கும். வாங்குகிற பக்கம் 3 வோல்ட்டைத் தாண்டினால் புரிந்துகொள்ளும். இரண்டு கருவிகள் மட்டும்தான் பேசிக்கொள்ள முடியும். தூரம் 15 மீட்டர் என்று வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ்தான் உண்மையான வரம்பு என்பதால், நல்ல கேபிளில் குறைந்த வேகத்தில் கொஞ்சம் கூடவே போகும். ஆனால் மோட்டார் ஓடும் இடத்தில் கிரவுண்டு ஒயரில் ஏறும் இரைச்சல் சிக்னலோடு கலந்துவிடும். எடைக் கருவிக்குப் பக்கத்திலேயே அதை வாங்கிக்கொள்ள ஏதாவது இருந்தால் சரி. இல்லையென்றால் அங்கேயே 485-க்கு மாற்றிவிடுவது நல்லது.

ஆர்.எஸ்.485 தரம் 1983-இல் வெளியானது. இதில் இரண்டு ஒயர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் சிக்னல். 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே வாங்குகிற பக்கம் ஒன்றா பூஜ்யமா என்று முடிவு செய்துவிடும். இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் ஏறுவதால், கழித்துப் பார்க்கும்போது காணாமல் போய்விடுகிறது. ஒரே லைனில் 32 யூனிட் லோடு (ஒரு கருவி லைனுக்குத் தரும் சுமையின் அளவு) வரை தொங்கவிடலாம்; இப்போதைய சிப்கள் பலவும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கே சுமை தருவதால் 256 கருவிகள் வரைகூடக் கணக்கில் வரும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் போகும்.

422 இதன் அண்ணன். அனுப்பும் ஜோடி தனி, வாங்கும் ஜோடி தனி. ஒருவர் பேச, அதிகபட்சம் பத்துப் பேர் கேட்கலாம். சில கார்டுகளில் ஜம்பரை மாற்றி இரண்டு ஒயரா நான்கு ஒயரா என்று தேர்ந்தெடுக்கலாம். கூட இருக்கும் மீட்டர்கள் எல்லாம் இரண்டு ஒயரில் பேசும்போது டிரைவ்களை மட்டும் நான்கு ஒயரில் வைத்தால் லைன் இரண்டாகப் பிரிந்துவிடும். ஏற்கெனவே நான்கு ஒயர் ஓடுகிற பழைய பேனலாக இருந்தால் ஒழிய, இரண்டு ஒயர் போதும்.

இந்த லைனில் பேசப்படும் மொழி பெரும்பாலும் மோட்பஸ் ஆர்.டி.யு. மோடிகான் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. வயதானாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு விதியை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: லைனில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான். ஏற்கெனவே ஒரு டச் ஸ்கிரீன் அந்த டிரைவ்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால், அதே ஜோடி ஒயரில் உங்கள் கணினியையும் சேர்க்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டுமே கெடும். இந்த ஒரு விஷயமே சில இடங்களில் முடிவைத் தீர்மானித்துவிடும்.

உள்ளே பொருத்தும் கார்டு

கார்டின் பெரிய பலம் ஐசொலேஷன். பெரும்பாலான கார்டுகளில் ஆப்டோகப்ளரோ அதைப் போன்ற வேறு சிப்போ இருக்கும். டிரைவின் கன்ட்ரோல் கிரவுண்டும் உங்கள் லைனும் ஒன்றையொன்று தொடாது. டெர்மினல்கள் ஒழுங்காக இருக்கும், ஷீல்டுக்கும் காமனுக்கும் தனி இடம் இருக்கும், லைன் முனையில் எதிரொலியை அடக்கும் டெர்மினேஷன் ரெசிஸ்டரை ஒரு சுவிட்சில் சேர்க்கவோ எடுக்கவோ முடியும். ப்ரோஃபிபஸ் போல வேறு மொழி பேச வேண்டுமென்றால் கார்டைத் தவிர வேறு வழியே பெரும்பாலும் இல்லை.

விலை எங்கே கொடுக்கிறீர்கள் என்றால், பொருத்தும் வேலையில். எட்டு டிரைவ் என்றால் எட்டு முறை நிறுத்தி, எட்டு முறை திறக்க வேண்டும்.

திறப்பதற்கு முன் பாராமீட்டர்கள் முழுவதையும் கீபேடிலோ கணினியிலோ சேமித்துக்கொள்ளுங்கள். சப்ளையை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகும் டிரைவ் உயிரோடுதான் இருக்கும். 400 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவின் டி.சி. பஸ் (உள்ளே இருக்கும் நேர்த்திசை மின்சார லைன்) சுமார் 565 வோல்ட். அதைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் இறங்க நேரம் எடுக்கும். மூடியிலேயே எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள், அந்த விளக்கும் கெட்டுப்போகக்கூடிய பொருள்தான். டி.சி. பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

அப்புறம், ஸ்டேட்டிக். கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு கார்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள். கனெக்டர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்த கார்டு மேலிருந்து பார்த்தால் சரியாகவே தெரியும். பல கார்டுகளில் ஒரு குட்டிக் கிரவுண்டு ஒயரோ உலோகத் தகடோ இருக்கும், அதை டிரைவின் சேஸிஸில் ஸ்க்ரூ போட்டு முறுக்க வேண்டும். அது தொங்கிக்கொண்டிருந்தாலும் கார்டு வேலை செய்யும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் வேலை இரைச்சலை வெளியே தள்ளுவது. மோட்டார் முழு லோடில் ஓடும் நாளில்தான் அது இல்லாத குறை தெரியும். லைனில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்ணை வைக்கும் முகவரி டிப் சுவிட்ச் கார்டின் மேலேயே இருந்தால் மூடி போடுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். இதை மறந்து மூடியைத் திரும்பக் கழற்றியவர்களின் பட்டியலில் நானும் உண்டு.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. லைன் ஒவ்வொரு டிரைவையும் தொட்டுத் தொட்டுப் போகிறது: உள்ளே வரும் ஜோடி, வெளியே போகும் ஜோடி. கார்டின் டெர்மினல் தனியாகக் கழற்றி மாட்டும் பிளக் வகையாக இருந்து, இரண்டு ஒயரையும் ஒரே இரட்டை ஃபெரூலில் (ஒயர் முனைக்கான உலோகக் குழாயில்) முடிந்து செருகியிருந்தால், டிரைவைத் தூக்கிவிட்டாலும் மற்றவற்றுக்கு லைன் அறுபடாது. கார்டோடு ஒட்டிய ஸ்க்ரூ டெர்மினல் என்றால் மூன்றாவது டிரைவை மாற்றும்போது நான்கு முதல் எட்டு வரை எல்லாம் ஸ்கிரீனிலிருந்து மறைந்துவிடும். கார்டு வாங்கும்போது படத்தில் இதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

கார்டுக்குக் கரண்ட் பெரும்பாலும் டிரைவிலிருந்தே வரும். டிரைவின் சப்ளையை நிறுத்தினால் கார்டும் தூங்கிவிடும். கேட்பவருக்கு அது பதில் சொல்லாத கருவி. இதன் விளைவு சிறியதில்லை, கேட்வே பகுதியில் கணக்கோடு பார்ப்போம். 24 வோல்ட்டை வெளியிலிருந்து தனியாகக் கொடுக்க வசதியுள்ள டிரைவ் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வெளியே வைக்கும் கன்வெர்ட்டர்

டிரைவைத் திறக்கவே வேண்டாம் என்பது இதன் ஈர்ப்பு. பல டிரைவ்களில் கீபேடு சாக்கெட்டே 485-இல் மோட்பஸ் பேசும். கீபேடைக் கழற்றிவிட்டு ஒயரைச் செருகினால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

மூன்று இடத்தில் கவனம். அந்த சாக்கெட் பார்க்க நெட்வொர்க் சாக்கெட் போலவே எட்டுப் பின்னோடு இருக்கும். ஆனால் சில பின்களில் கீபேடுக்கான சப்ளை வோல்டேஜ் நிற்கும். யாராவது சாதாரண லேன் கேபிளை அதிலிருந்து கணினிக்கு நேராகச் செருகினால் ஏதாவது ஒரு பக்கம் போய்ச்சேரலாம். மேனுவலில் பின் வரிசையைப் பார்த்துத் தேவையான இரண்டு சிக்னலையும் கிரவுண்டையும் மட்டும் எடுங்கள். சாக்கெட்டின் மேல் ஒரு லேபிளும் ஒட்டுங்கள். அடுத்தது, கீபேடைக் கழற்றினால் "கீபேடு காணோம்" என்று டிரிப் ஆகும் டிரைவ்கள் உண்டு. பாராமீட்டரில் அதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் பெரியது: அந்த சாக்கெட்டில் பல டிரைவ்களில் ஐசொலேஷன் கிடையாது. எட்டு டிரைவ்களின் கன்ட்ரோல் கிரவுண்டுகளையும் ஒரே ஒயரில் கட்டிவிடுகிறீர்கள்.

ஒரே பேனல், ஒரே எர்த் பார், இரண்டு மீட்டர் கேபிள் என்றால் இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு டிரைவ் இங்கேயும் அடுத்தது எண்பது மீட்டர் தள்ளி இன்னொரு பேனலிலும் இருந்தால் கதை மாறும். 485 சிப் தாங்கும் பொது வோல்டேஜ் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரைதான். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில், அல்லது எங்கோ எர்த் ஃபால்ட் ஆகும் நொடியில், இரண்டு பேனலின் எர்த்துக்கு இடையே அதைவிட அதிக வித்தியாசம் வந்துவிடலாம். நான் ஒரு முறை ஐசொலேஷன் இல்லாத கன்வெர்ட்டரை மடிக்கணினியில் செருகி, சார்ஜரையும் மாட்டிக்கொண்டு தூரத்துப் பேனலைப் படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆனது, கன்வெர்ட்டர் செத்தது. கூடவே அந்த யு.எஸ்.பி. போர்ட்டும். கணினி பிழைத்தது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஐசொலேஷன் இல்லாத கன்வெர்ட்டர் என் பையில் கிடையாது.

கன்வெர்ட்டரிலும் இரண்டு சாதி. யு.எஸ்.பி.யில் செருகும் குட்டி வகை சோதிக்க அருமை, நிரந்தரமாக வைக்க மோசம். யு.எஸ்.பி. 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரோடு சரி. பிளக்குக்குப் பூட்டு கிடையாது, அதிர்வில் தளரும். வேறு துளையில் மாற்றிச் செருகினால் போர்ட் எண் மாறி, மென்பொருள் பழைய எண்ணையே தேடிக்கொண்டு நிற்கும். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் வைத்தவற்றில் லேட்டன்சி டைமர் என்று ஓர் அமைப்பு உண்டு, வழக்கமாக 16 மில்லிசெகண்டில் இருக்கும். சின்னச் சின்னப் பதில்கள் அந்த நேரம் வரை காத்திருந்தே கணினிக்குப் போகும். வேகம் போதவில்லை என்று கேபிளைச் சந்தேகிக்கும் முன் அதைக் குறைத்துப் பாருங்கள்.

பேனல் ரெயிலில் மாட்டும் வகை கொஞ்சம் பெரியது, 24 வோல்ட்டில் ஓடும், ஐசொலேஷனோடு கிடைக்கும். இதில் பார்க்க வேண்டியது திசை மாற்றம். இரண்டு ஒயர் லைனில் பேசி முடித்தவுடன் கன்வெர்ட்டர் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்க வேண்டும். சில மாடல்கள் இதற்குக் கணினியின் ஆர்.டி.எஸ். ('அனுப்பப்போகிறேன்' என்று சொல்லும்) சிக்னலை நம்பியிருக்கும், மென்பொருள் அதைத் தாமதமாக இறக்கினால் பதிலின் முதல் எழுத்து வெட்டுப்படும். தானாகவே திசை மாற்றும் மாடலையே வாங்குங்கள்.

கேட்வே

கேட்வே ஒரு பக்கம் சீரியலில் மாஸ்டராக, அதாவது கேள்வி கேட்பவராக நின்று, மறுபக்கம் ஈதர்நெட்டில் மோட்பஸ் டி.சி.பி. பேசும். இதனால் கிடைக்கும் மூன்று நன்மைகளும் பெரியவை. சீரியல் லைன் பேனலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நீளமான தூரத்தை ஈதர்நெட் பார்த்துக்கொள்கிறது. அதன் போர்ட்டிலேயே டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேஷன் இருக்கிறது. கட்டடம் விட்டுக் கட்டடம் போக வேண்டுமென்றால் ஃபைபர் போடலாம். கண்ணாடி இழை இடி மின்னலையோ எர்த் வித்தியாசத்தையோ கடத்தாது. இரண்டாவது, டச் ஸ்கிரீன், கணினி, இன்னொருவரின் மடிக்கணினி என்று பலர் ஒரே நேரத்தில் கேட்கலாம். கேட்வே வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். மூன்றாவது, போர்ட் இரண்டு, நான்கு என்று உள்ள மாடலை வாங்கினால் லைனைப் பிரித்துவிடலாம்.

பிரிப்பது ஏன் முக்கியம்? கணக்குப் போடுவோம். செகண்டுக்கு 9600 பிட் வேகம், ஓர் எழுத்துக்கு 11 பிட். பத்து ரெஜிஸ்டர் (கருவிக்குள் ஒரு மதிப்பு இருக்கும் எண்ணிட்ட இடம்) கேட்கும் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். ஆக 33 எழுத்து, சுமார் 38 மில்லிசெகண்டு. இரண்டு பக்கமும் மூன்றரை எழுத்து நேர மௌனம் வேண்டும், அது 8. கருவி யோசிக்க ஒரு 10 என்று வைத்தால், ஒரு கருவிக்கு 56 மில்லிசெகண்டு. பன்னிரண்டு கருவிக்கும் ஒரு சுற்று 0.7 செகண்டுக்குள் முடிந்துவிடும். 19200-க்குப் போனால் 0.4. இதுவே பலருக்கு ஆச்சரியம். சீரியல் என்றாலே ஆமை என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு டிரைவின் சப்ளையை நிறுத்துங்கள். டைம்-அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) ஒரு செகண்டு, மூன்று முறை முயற்சி என்று வைத்திருந்தால், அந்த ஒரு தூங்கும் கார்டுக்காக ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செகண்டு வீண். 0.7 இருந்த இடத்தில் 3.6. இரண்டு டிரைவ் நின்றால் ஏழுக்குப் பக்கத்தில். "ஸ்கிரீன் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரில் இது அடிக்கடி தட்டுப்படும் காரணம், இதற்காக யாரும் வேகமான கார்டு வாங்கத் தேவையில்லை. டைம்-அவுட்டை 200, 300 மில்லிசெகண்டுக்குக் குறையுங்கள். பதில் சொல்லாத கருவியைச் சில சுற்றுகளுக்கு ஒதுக்கிவைக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் பயன்படுத்துங்கள். அடிக்கடி நிற்கும் டிரைவ்களைத் தனிப் போர்ட்டில் போடுங்கள்.

டைம்-அவுட்டில் இன்னொரு சிக்கல் கேட்வேயோடு சேர்ந்தே வரும். கணினி காத்திருக்கும் நேரம் கேட்வே காத்திருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் கணினி பொறுமையிழந்து அடுத்த கேள்வியை அனுப்பிவிடும், கேட்வேயில் வரிசை நீண்டுகொண்டே போகும், கடைசியில் நன்றாக இருக்கும் கருவிகளும் செத்ததாகக் காட்டும்.

குறையும் சொல்ல வேண்டும். மோட்பஸ் டி.சி.பி.யில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. 502-ஆம் போர்ட்டை எட்ட முடிந்த யாரும் உங்கள் டிரைவை ஓட்டலாம், நிறுத்தலாம். அலுவலக நெட்வொர்க்கோடு கலக்காதீர்கள்; இணையத்துக்குத் திறந்துவிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒயரிங்: எந்த வழியானாலும் தப்ப முடியாதது

ஏ, பி என்ற இரண்டு எழுத்துகள் இந்தத் துறையில் வீணாக்கிய மணிநேரத்துக்குக் கணக்கில்லை. 485 தரத்தின்படி லைன் சும்மா இருக்கும்போது பி, ஏ-யைவிட மேலே இருக்கும். ஆனால் சிப் தயாரிப்பவர்கள் பலர் தங்கள் தாளில் அதற்கு நேர்மாறாக, ஏ-யைப் பிளஸ் பக்கமாகப் பெயரிட்டார்கள். கருவி செய்பவர்களில் பாதிப்பேர் அதைப் பின்பற்றினார்கள். அதனால் ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனியின் பி. பெயரை விட்டுவிட்டு மீட்டரை எடுங்கள். கருவியை மட்டும் தனியாக ஆன் செய்து, லைனில் யாரும் பேசாதபோது அளந்தால், பல கருவிகளில் எந்தப் பக்கம் சற்று மேலே நிற்கிறதோ அதுதான் பிளஸ். எதுவும் தெரியவில்லையென்றால் மாற்றிப்போட்டுப் பாருங்கள். ஏ-யையும் பி-யையும் மாற்றிப் போட்டதால் சிப் எரியாது.

"இரண்டு ஒயர் லைன்" என்ற பெயரும் ஏமாற்றுவேலை. மூன்றாவது ஒயர் வேண்டும், அதன் பெயர் காமன். ஐசொலேஷன் உள்ள கார்டுகளில் அது இல்லையென்றால் லைன் அந்தரத்தில் மிதந்து, தாங்கும் வரம்பைத் தாண்டிப்போகும். இரண்டு ஜோடி முறுக்கு ஒயரும் ஷீல்டும் உள்ள கேபிள் எடுத்து, ஒரு ஜோடியில் டேட்டா, இன்னொரு ஜோடியில் காமன் என்று போடுங்கள். ஷீல்டைக் காமனாகப் பயன்படுத்துவது குறுக்கு வழி; அது செய்ய வேண்டிய வேலை வேறு. காமனை எர்த்தோடு ஒரே ஓர் இடத்தில், மாஸ்டர் பக்கம், சேருங்கள். ஷீல்டை டிரைவ் மேனுவல் இரண்டு முனையிலும் கிளாம்ப் போடச் சொன்னால் ஒரே பேனலுக்குள் அதைக் கேளுங்கள்; பேனல் விட்டுப் பேனல் போகும் கேபிளில் ஒரு முனையோடு நிறுத்துங்கள்.

கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எல்லாவற்றையும் கூட்டி நட்சத்திரம் போல விரித்தால் எதிரொலி எங்கிருந்தெல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்கவைக்காதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

டெர்மினேஷன் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. இரண்டு முனையிலும் 120 ஓம் என்பது புத்தகத்து விதி. ஆனால் 9600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்டு நீளம். நூறு மீட்டர் கேபிளில் சிக்னல் போய் எதிரொலித்துத் திரும்ப ஒரு மைக்ரோசெகண்டுதான் ஆகும். பிட்டின் நடுவில் பார்க்கும்போது எதிரொலி எப்போதோ அடங்கியிருக்கும். இந்த நீளத்தில் டெர்மினேஷன் இல்லாமலும் லைன் ஓடும். மாறாக, ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு பயாஸை (லைன் சும்மா இருக்கும்போது அதை ஒரு பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்களை) மறந்தால்தான் தொல்லை. யாரும் பேசாதபோது இரண்டு 120 ஓமும் சேர்ந்து 60 ஓமாக லைனைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். 200 மில்லிவோல்ட் இல்லாததால் இரைச்சலே எழுத்தாகப் படிக்கப்படும். மாஸ்டர் பக்கம் 5 வோல்ட்டுக்கு ஒரு 560 ஓம், கிரவுண்டுக்கு ஒரு 560 ஓம் போட்டால் சுமார் 250 மில்லிவோல்ட் நிற்கும், அது போதும். மலிவான கன்வெர்ட்டர்களில் இதற்கு 4.7 கிலோ ஓம் வைத்திருப்பார்கள். அதில் நிற்பது 32 மில்லிவோல்ட் மட்டும். கேபிள் சில நூறு மீட்டர் என்றாலோ 115200 போன்ற வேகம் என்றாலோ டெர்மினேஷன் கட்டாயம், கூடவே பயாஸும்.

எல்லாம் மாட்டிய பிறகு, சப்ளை இல்லாத நிலையில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் இரண்டு டெர்மினேஷனும் இருக்கின்றன. 120 என்றால் ஒன்று விட்டுப்போயிற்று. 40 என்றால் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கார்டில் சுவிட்ச் ஆன் நிலையிலேயே வந்திருக்கிறது; புதுக் கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

நம் பதின்மூன்று கருவிகளுக்கு

இனி முடிவு. எட்டு டிரைவ்களும் ஒரே பேனலில் இருந்து, படிப்பது மட்டும்தான் வேலை, ஓட்டுவது நிறுத்துவது எல்லாம் பழையபடி ஒயரில் என்றால், எட்டுக் கார்டு வாங்க மாட்டேன். கீபேடு சாக்கெட்டிலிருந்து எடுத்து, ஐசொலேஷன் உள்ள கேட்வேயின் ஒரு போர்ட்டில் முடிப்பேன். கேட்வே கெட்டுப்போனால் பேனலின் கன்ட்ரோல் பகுதிக் கதவைத் திறந்து மாற்றிவிடலாம், எந்த மோட்டாரும் நிற்காது. மீட்டர்கள் இரண்டாவது போர்ட்டில். அவை ஒருபோதும் தூங்காது, டிரைவ்களின் டைம்-அவுட் அவற்றைத் தொடக்கூடாது. எடைக் கருவி கேட்வேயின் 232 போர்ட்டில், பேனல் பத்து மீட்டருக்குள் இருந்தால். ஆனால் எடைக் கருவிகள் பல மோட்பஸ் பேசாமல் எடையை எழுத்துகளாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் அந்தப் போர்ட்டை மட்டும் எதையும் மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் முறையில் வைக்க வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைவ்கள் வெவ்வேறு பேனலில் சிதறிக் கிடந்தாலோ, வேகத்தைக் கணினியிலிருந்தே கொடுக்கப்போகிறீர்கள் என்றாலோ, கார்டுதான். அப்போது தொடர்பு அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரை நீங்களே முடிவு செய்து வையுங்கள்: நிற்க வேண்டுமா, கடைசி வேகத்தில் ஓட வேண்டுமா. எமர்ஜென்சி ஸ்டாப் எந்தக் காலத்திலும் சீரியல் வழியாக வேண்டாம், அது தனி ஒயரில் இருக்கட்டும். வேகத்தை எழுதும்போது ரேமில் எழுதும் ரெஜிஸ்டரைத் தேடி எடுங்கள். நிரந்தரமாகச் சேமிக்கும் ஈப்ராம் நினைவகம் சுமார் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம் தரும். செகண்டுக்கு ஒரு முறை எழுதினால் ஒரு நாளுக்கு 86,400. அடுத்த நாள் மதியத்துக்குள் கணக்கு முடிந்துவிடும்.

யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கத்தான் செய்வேன், ஐசொலேஷன் உள்ளதாக. அதற்கு இடம் பேனலில் இல்லை, கருவிப் பையில். முதல் நாள் ஒவ்வொரு டிரைவையும் தனித்தனியாக முகவரி, வேகம், பேரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) சரிபார்த்த பிறகே சங்கிலியில் சேர்ப்பேன். அன்று எழுதிய முகவரிப் பட்டியலும், லைன் சும்மா இருக்கும்போது அளந்த வோல்டேஜும், அந்த 60 ஓமும் கேட்வே இருக்கும் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் ஒட்டியிருக்கும்.